அடுப்பை விட்டுவிட்டு நடக்கப் போகலாமா?

ஐந்து நாள் நடை, தனியாக, நான்கு இரவு கூடாரத்தில். சாப்பாடு, தண்ணீர், எரிபொருள் சேர்க்காமல் பை ஏழு கிலோவுக்கு வந்திருக்கிறது, அடுப்பையும் பாத்திரத்தையும் வீட்டிலேயே வைத்துவிட்டால் இன்னும் குறையும் என்கிறார்கள், செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்த்தால் எடையைப் பற்றிய கேள்விதான். ஆனால் கடைசி வரியில், இரவில் ஐந்து டிகிரி வரை இறங்குமாம், சூடாக ஒரு வாய்கூட இல்லாமல் தாங்க முடியுமா என்று ஒரு சந்தேகம் போட்டிருக்கிறீர்களே, நிஜமான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். எடைக் கணக்கு சுலபம், அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

பதினைந்து வருடமாக மலைகளில் நடக்கிறேன், அதில் பாதி வருடங்கள் நாலைந்து பேர் கொண்ட சின்னக் குழுக்களை அழைத்துக்கொண்டு. அடுப்போடும் போயிருக்கிறேன், இல்லாமலும் போயிருக்கிறேன். மருத்துவம் படித்தவன் இல்லை. குளிர் உங்கள் உடம்பை என்ன செய்யும் என்பதை இங்கே உட்கார்ந்து சொல்ல என்னால் முடியாது, சர்க்கரை நோய் மாதிரி ஏதாவது இருந்தால் சாப்பாட்டு விஷயத்தை மருத்துவரிடம் பேசிவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

சரி, எடை. இன்று கிடைக்கும் மிகச் சிறிய கேஸ் அடுப்பான பிஆர்எஸ் 3000டி சுமார் 25 கிராம்தான். கொஞ்சம் உறுதியான எம்எஸ்ஆர் பாக்கெட்ராக்கெட் 2 என்றால் 73 கிராம். 100 கிராம் கேஸ் பிடிக்கும் சின்ன கேனிஸ்டர், தகரத்தின் எடையும் சேர்ந்து ஏறக்குறைய 200 கிராம். 750 மில்லி டைட்டானியம் பாத்திரம் ஒரு 100 கிராம், ஒரு லைட்டர். எல்லாம் சேர்த்து 340 முதல் 390 கிராம். அடுப்பு இல்லாமல் போகிறவர்கள் இதற்குப் பதிலாக அகலவாய் பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்துப் போய், உணவைப் பச்சைத்தண்ணீரில் ஊறவைத்துச் சாப்பிடுகிறார்கள். அந்த டப்பா 50, 60 கிராம் இருக்கும். ஆக, முதல் நாள் காலையில் உங்களுக்கு மிச்சமாவது சுமார் 300 கிராம். ஒன்றரை டம்ளர் தண்ணீரின் எடை அது. கேஸ் தீரத் தீர அந்த வித்தியாசமும் குறைந்துகொண்டே வரும்.

அந்த 300 கிராமும் முழுசாக மிச்சமாகாது. ஊறவைக்கும் உணவை முகாமுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே தண்ணீர் ஊற்றி டப்பாவில் போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும், அப்போது அந்தத் தண்ணீரும் உங்கள் முதுகில்தான். முகாம் ஓடைக்குப் பக்கத்தில் இருந்தால், அடுப்பு வைத்திருப்பவர் கடைசி ஒரு மணி நேரம் அந்தத் தண்ணீரைச் சுமக்காமல் வருவார், நீங்கள் 300 மில்லியைச் சுமந்துகொண்டு வருவீர்கள். முகாமில் தண்ணீரே இல்லை என்றால் இருவருக்கும் ஒரே சுமைதான்.

எடையை நிஜமாகவே தீர்மானிப்பது நீங்கள் எடுத்துப் போகும் சாப்பாட்டின் வகை. இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம்தான். ஒரு நாளைக்கு 3000 கலோரி வேண்டும் என்று வையுங்கள். கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் 4. பாதாம், முந்திரி, வேர்க்கடலை மாதிரி கொட்டைகள் கிராமுக்கு 6 பக்கம் வரும், எண்ணெய் கிட்டத்தட்ட 9, உலர்ந்த ஓட்ஸும் நூடுல்ஸும் 4 பக்கம், ரொட்டியில் ஈரம் இருப்பதால் இரண்டரைதான். அடுப்பை விட்டவர்களில் பலர் ஊறவைத்த உணவு பிடிக்காமல் ரொட்டி, டப்பா மீன், பாலாடைக்கட்டி என்று ஈரம் உள்ள உணவுக்கு மாறிவிடுகிறார்கள். மொத்த சாப்பாட்டின் சராசரி கிராமுக்கு 4.5 கலோரியாக இருந்தால் ஒரு நாளைக்கு சுமார் 670 கிராம் போதும், 3.5 ஆனால் சுமார் 860 கிராம் வேண்டும். ஐந்து நாளைக்கு வித்தியாசம் 950 கிராம்! 300 கிராம் அடுப்பை இறக்கிவைத்துவிட்டு அதைப்போல மூன்று மடங்கை வேறு பெயரில் பையில் ஏற்றிக்கொள்வதாகிவிடும். கொட்டையும் எண்ணெயும் பால் பவுடரும் உலர்ந்த உணவுமாக கவனமாகத் தேர்ந்தெடுத்தால், அடுப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பை இறங்கும்.

குளிருக்கு வருகிறேன். சூடாக எதையாவது குடித்தால் உடம்பு சூடாகும் என்பது எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. கால் லிட்டர் தண்ணீரை 60 டிகிரியில் குடிக்கிறீர்கள், அது 37 டிகிரிக்கு ஆறும்வரை உடம்புக்குக் கொடுக்கும் வெப்பம் சுமார் 24 கிலோஜூல், அதாவது 6 கலோரிக்கும் கீழே. 70 கிலோ உடம்பை அது பத்தில் ஒரு பங்கு டிகிரிதான் உயர்த்தும். அதே பானத்தில் 25 கிராம் சர்க்கரை போட்டால் 100 கலோரி. நடுங்கி நடுங்கி உடம்பு தானாக உண்டாக்கும் சூட்டுக்கு விறகு அந்தச் சர்க்கரைதான். ஆகவே குளிரில் உங்களைக் காப்பது சாப்பாடு, உலர்ந்த உடை, ஸ்லீப்பிங் பேக், அடியில் போடும் மெத்தை. ஐந்து டிகிரி இரவுக்கு ஏற்ற படுக்கை உங்களிடம் இருந்தால், அடுப்பு இல்லாததால் மட்டும் ஆபத்து வராது. கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

ஆனால் கணக்கில் வராத ஒன்று இருக்கிறது, அதை அனுபவித்துத்தான் தெரிந்துகொண்டேன். அடுப்பு இல்லாமல் போன ஆரம்ப நடைகளில் ஒன்றில் மூன்றாம் நாள் மதியம் தொடங்கிய மழை இரவு வரை விடவில்லை. கூடாரத்துக்குள் நுழைந்தபோது விரல்கள் மரத்திருந்தன. டப்பாவில் ஊறியிருந்த நூடுல்ஸ் ஓடைத் தண்ணீரின் குளிர்ச்சியிலேயே இருந்தது, இரண்டு கரண்டிக்கு மேல் தொண்டையில் இறங்கவில்லை. மூடி வைத்துவிட்டுப் படுத்தேன். வயிற்றில் ஒன்றும் இல்லாததால் நள்ளிரவில் நடுக்கம் வந்து விழித்தேன், பையில் இருந்த கடலையையும் சாக்லேட்டையும் தின்று ஒரு மணி நேரம் கழித்துத்தான் உடம்பு அடங்கியது. சாப்பாடு குறையாமல் இருந்தது, என்னால் சாப்பிட முடியவில்லை, அவ்வளவுதான். களைத்துப்போன, நனைந்த மனிதனைச் சாப்பிட வைப்பதுதான் சூடான உணவின் பெரிய உதவி என்று அன்றிலிருந்து நினைக்கிறேன். இதில் ஆளுக்கு ஆள் நிறைய வித்தியாசம் உண்டு. என்னோடு வந்தவர்களில் குளிர்ந்த ஓட்ஸை மழையில் நின்றுகொண்டே ரசித்துச் சாப்பிட்டவர்களும் இருக்கிறார்கள், ஒரு வாய் காபி கிடைக்காவிட்டால் காலையில் பேசவே மாட்டேன் என்றவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் எந்த ரகம் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கப் போகிறது.

அதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். நல்ல தூரம் நடந்துவிட்டு, முடிந்தால் மழை நாளாகப் பார்த்து, எடுத்துப்போக நினைக்கும் அதே உணவை அதே டப்பாவில் ஃபிரிட்ஜ் தண்ணீர் ஊற்றி, டப்பாவையும் ஃபிரிட்ஜிலேயே வைத்து ஊறவிட்டு, இரவு உணவாக முழுசாகச் சாப்பிட்டுப் பாருங்கள். அறை வெப்பத்தில் அரை மணியில் மெத்தென்று ஆகும் நூடுல்ஸ் ஐந்து டிகிரி தண்ணீரில் ஒரு மணி தாண்டியும் நடுவில் விறைப்பாக இருக்கும். இரண்டு நாள் தொடர்ந்து மூன்று வேளையும் அப்படிச் சாப்பிட முடிந்தால் அடுப்பை விடலாம் என்ற பேச்சுக்கே வரலாம்.

ஊறவைப்பதில் உறுதியாகத் தெரிந்தவை சில. உடனடி ஓட்ஸ், கூஸ்கூஸ் (கோதுமை ரவையில் செய்யும் குருணை), மெல்லிய நூடுல்ஸ், உடனடி உருளைக்கிழங்குத் தூள், ஏற்கெனவே வேகவைத்து உலர்த்திய பயறு வகைகள், இவை பச்சைத்தண்ணீரில் ஊறி உண்ணும் பதத்துக்கு வரும். சாதாரண அரிசி எத்தனை மணி ஊறினாலும் வேகாது. வேகாத சிவப்பு ராஜ்மாவை ஊறவைத்து மட்டும் தின்னவே கூடாது, அதில் உள்ள லெக்டின் என்ற நச்சு நன்றாகக் கொதித்தால்தான் அழியும், ஊறவைத்துத் தின்றால் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். நடுக்காட்டில் அது வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்புறம், காலையிலேயே தண்ணீர் ஊற்றி நாள் முழுக்க வெயிலில் சுமந்து இரவில் சாப்பிடுவது சிலரின் பழக்கம். ஈரமான உணவை வெளி வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, 32 டிகிரிக்கு மேல் என்றால் ஒரு மணி நேரம்தான், இது எந்தச் சமையலறைக்கும் சொல்லப்படும் விதி, காட்டுக்கும் அதேதான். கடைசி ஒரு மணி நேரத்தில் ஊற்றுங்கள்.

அடுப்பு எடுத்துப் போவதானால் எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்பதையும் கணக்குப் போட்டே தெரிந்துகொள்ளலாம். அரை லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர சுமார் 178 கிலோஜூல். ஒரு கிராம் கேஸில் 46 கிலோஜூல் அளவுக்கு இருக்கிறது, ஒரு சொட்டும் வீணாகாவிட்டால் 4 கிராம் போதும். நிஜத்தில் பாதி வெப்பம் காற்றோடு போகிறது, அதனால் 7, 8 கிராம் என்று வையுங்கள். காற்று அடித்தால் இது சுலபமாக இரட்டிக்கும், ஆகவே பாறை மறைவு பார்த்து வைப்பது எந்த விலையுயர்ந்த அடுப்பையும் விட அதிக கேஸை மிச்சப்படுத்தும். ஆனால் கேனிஸ்டர் மேல் திருகும் அடுப்பைச் சுற்றி முழு வட்டமாகத் தகடு வைத்து மறைக்காதீர்கள், வெப்பம் கீழே இறங்கி கேனிஸ்டர் வெடிக்கும் அபாயம் இருக்கிறது. நான்கு இரவு உணவும் நான்கு காலை உணவும் சூடாக என்றால் எட்டுத் தடவை, அதாவது 60 கிராம் சுமார். சின்ன கேனிஸ்டர் ஒன்றே போதும்.

குளிரில் கேஸ் படுத்துக்கொள்ளும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சாதாரண பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரியிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும், ஐசோபியூட்டேன் சுமார் மைனஸ் 12 வரை தாங்கும், புரோப்பேன் மைனஸ் 42 வரை. மலையில் நடப்பவர்களுக்காக விற்கப்படும் கேனிஸ்டர்களில் பொதுவாக ஐசோபியூட்டேனோடு கொஞ்சம் புரோப்பேன் கலந்திருக்கும், உங்கள் ஐந்து டிகிரிக்கு அது தாராளம். வெறும் பியூட்டேன் மட்டும் உள்ளதை வாங்கிவிடாதீர்கள். அதிகாலையில் தீ மந்தமாக எரிந்தால், இரவு கேனிஸ்டரைப் படுக்கைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினால் சரியாகிவிடும்.

கேஸுக்குப் பதிலாக ஸ்பிரிட் அடுப்பு, அதாவது ஆல்கஹாலில் எரியும் அடுப்பு வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். தகர டப்பாவில் செய்த அடுப்பு 10, 20 கிராம்தான், ஆனால் ஸ்பிரிட்டில் கிராமுக்கு 27 கிலோஜூல் பக்கம்தான் இருப்பதால் அரை லிட்டருக்குச் சுமார் 15 கிராம் வேண்டும். காற்றுத் தகடு, பாட்டில் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு பத்துப் பன்னிரண்டு தடவை கொதிக்க வைக்கும் வரை ஸ்பிரிட் எடை குறைவு, அதற்கு மேல் கேஸ்தான் லாபம். எடை இப்படி இருந்தாலும் தனியாகப் போகும் புதியவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்குத் தெரியாது, தட்டிவிட்டால் எரியும் திரவம் புல்லில் ஓடும், திருகி அணைக்க வால்வு கிடையாது. 2012 மே மாதம் அமெரிக்காவின் கொலராடோவில் ஒருவர் வைத்திருந்த ஆல்கஹால் அடுப்பிலிருந்துதான் ஹியூலெட் காட்டுத்தீ தொடங்கியது, 7,600 ஏக்கருக்கு மேல் எரிந்தது. கேஸ் அடுப்பு மட்டும் என்ன, 2005இல் சிலியின் டோரஸ் டெல் பைனே தேசியப் பூங்காவில் ஒரு பயணியின் கேஸ் அடுப்பு கவிழ்ந்ததால் பரவிய தீ ஏறக்குறைய 15,000 ஹெக்டேரைத் தின்றது. இந்த இரண்டையும் நான் குழுவில் வரும் ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன், அடுப்பு வைக்கும் இடத்தில் காய்ந்த இலையைக் கையால் பெருக்கிவிட்டுத்தான் தீ மூட்டவேண்டும் என்பதை வேறு எப்படிச் சொன்னாலும் மனதில் நிற்பதில்லை. நீங்கள் போகும் காட்டில் அந்தப் பருவத்தில் தீத் தடை இருக்கிறதா என்று அனுமதி தரும் அலுவலகத்திடம் முன்பே கேளுங்கள். தடை காலங்களில் பல இடங்களில் வால்வு உள்ள கேஸ் அடுப்பை மட்டும் அனுமதிப்பார்கள், சில இடங்களில் எதையுமே அனுமதிப்பதில்லை. அனுமதி இல்லை என்றால் உங்கள் கேள்விக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது.

விமானத்தில் போய் இறங்கி நடப்பதாக இருந்தாலும் யோசிக்க வேண்டும். கேஸ் கேனிஸ்டரைக் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, சரக்கில் போடும் பெட்டியிலும் முடியாது. இறங்கும் ஊரில் கிடைக்கிறதா, அது உங்கள் அடுப்பில் திருகும் மரை உள்ளதா என்று பார்த்து வையுங்கள். சில நாடுகளில் கிளிப் மாதிரி மாட்டும் வகை அதிகம் புழங்குகிறது, அது திருகு அடுப்பில் சேராது.

அடுப்பை விடவே கூடாது என்று நான் தயங்காமல் சொல்லும் சூழ்நிலைகளும் உண்டு. பனியை உருக்கித்தான் தண்ணீர் என்றால் வேறு பேச்சே இல்லை. ஒரு கிலோ பனியை உருக்க மட்டுமே 334 கிலோஜூல் வேண்டும், அதே தண்ணீரை 80 டிகிரி சூடாக்கும் அளவு அது, ஆகவே எரிபொருளையும் இரட்டிப்பாக எடுக்க வேண்டும். இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகும் இடத்திலும் அப்படித்தான், தண்ணீர் வடிகட்டி ஒருமுறை உறைந்துவிட்டால் உள்ளே இருக்கும் நுண்குழாய்கள் வெடித்திருக்கலாம், வெளியில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, அப்போது கொதிக்க வைப்பதுதான் கைகொடுக்கும். ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் போதும், 2000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். குழந்தைகளோ முதல்முறை வருகிறவர்களோ கூட இருந்தால் அப்போதும் எடுத்துப் போவேன். இன்னொன்று, ஒரு லிட்டர் வெந்நீரை உறுதியான பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி ஸ்லீப்பிங் பேகுக்குள் வைத்துக்கொண்டால், ஒரு கோப்பை பானம் கொடுக்கும் வெப்பத்தைப் போல ஒன்பது மடங்கு இரவு முழுக்க மெதுவாகக் கிடைக்கும். மெல்லிய குடிநீர் பாட்டிலில் ஊற்றாதீர்கள், சுருங்கிக் கசியும். எப்படியானாலும் கூடாரத்துக்குள் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். தீ ஒரு பக்கம், கார்பன் மோனாக்ஸைடு அதைவிட மோசம், வாசனையே இல்லாமல் தூக்கத்தில் ஆளைக் கொன்றுவிடும்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அடுப்பு இல்லாமல் சந்தோஷமாக நெடுந்தூரம் நடப்பவர்கள் உண்டு, அவர்கள் பெரும்பாலும் நான்கைந்து நாளுக்கு ஒரு முறை ஊருக்குள் இறங்கி வயிறாரச் சூடாகச் சாப்பிடுபவர்கள், வெதுவெதுப்பான பருவத்தில் நடப்பவர்கள். 1955இல் எம்மா கேட்வுட் என்ற பெண்மணி தன் 67ஆம் வயதில் அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை என்ற மலை நடைபாதை முழுவதையும், 3,000 கிலோமீட்டருக்கு மேல், கூடாரமோ ஸ்லீப்பிங் பேகோ இல்லாமல் தோளில் ஒரு துணிப்பையோடு தனியாக நடந்து முடித்தார். கடலையும் உலர்திராட்சையும் மாதிரிப் பொருள்கள்தான் பையில். ஆனால் வழியில் பல வீடுகளில் அவருக்குச் சாப்பாடு கிடைத்தது என்பதையும் சேர்த்துத்தான் அந்தக் கதையைப் பார்க்க வேண்டும். உங்கள் ஐந்து நாளில் நடுவில் ஊர் எதுவும் வருவதாக நீங்கள் சொல்லவில்லை.

ஆகவே என் அபிப்பிராயம் இது. தனியாக, இந்த நீளத்துக்கு முதல் தடவை, ஐந்து டிகிரி, மழைக்கும் வாய்ப்பு, இந்த நிலையில் இந்த நடைக்கு அடுப்பை எடுத்துப் போங்கள், ஆனால் சின்னதாக. இரவில் ஒருவேளை மட்டும் சூடாக, காலையும் மதியமும் தீ வேண்டாத உணவு. நான்கு தடவைக்கு 30, 35 கிராம் கேஸ்தான் ஆகும், மீதி காற்றுக்கும் அவசரத்துக்கும். மேலே போகப் போகக் கொதிநிலை இறங்கும், 3000 மீட்டரில் 90 டிகிரி பக்கம்தான், அதனால் வேகவைக்க வேண்டியதை எடுக்காமல் வெந்நீர் ஊற்றி மூடி வைத்தால் போதும் என்ற வகை உணவாக எடுங்கள். லைட்டர் இரண்டு, தனித்தனி இடத்தில். பொத்தானை அழுத்தினால் பற்றும் அடுப்பாக இருந்தாலும் சரி, உயரத்திலும் ஈரத்திலும் அந்தப் பொத்தானை நம்ப முடியாது. ஒரு நாள் சாப்பாடாவது தீயே இல்லாமல் உண்ணக்கூடியதாக இருக்கட்டும், அடுப்பு பழுதானால் பட்டினி கிடக்க வேண்டாம்.

எடை குறைக்கும் ஆசை தப்பே இல்லை, முழங்கால் அதற்கு நன்றி சொல்லும். ஒன்பது கிலோவுக்குக் கீழே வந்தாலே லைட்வெயிட் என்கிறார்கள், நாலரைக்குக் கீழே அல்ட்ராலைட், நீங்கள் ஏழில் நன்றாகத்தான் இருக்கிறீர்கள். இன்னும் குறைக்க வேண்டுமானால் கூடாரம், படுக்கை, பை என்ற மூன்றில் தேடுங்கள், அங்கேதான் கிலோக்கணக்கில் இருக்கிறது. மாற்று உடையிலும் பார்க்கலாம். சாப்பாட்டிலும் பாருங்கள், என் குழுக்களில் வருபவர்கள் திரும்பும்போது பையில் அரை கிலோவாவது தொடாத உணவு இருப்பது வழக்கம், அடுப்பின் எடையைவிட அது அதிகம்.

போவதற்கு முன் கேனிஸ்டரைச் சமையலறைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் அதையும் மிஞ்சிய சாப்பாட்டையும் மறுபடி நிறுத்துப் பாருங்கள், எந்தெந்த இரவு சூடான உணவு இல்லாமலேயே சாப்பிட்டிருப்பேன் என்று உங்களுக்குத் தோன்றியதோ அதையும் பக்கத்தில் எழுதுங்கள். நான்கு இரவிலும் அப்படித் தோன்றியிருந்தால் அடுத்த நடைக்கு டப்பாவோடு கிளம்புங்கள், முதலில் இரண்டு இரவுக்கு, வெதுவெதுப்பான மாதமாகப் பார்த்து.